தணிகைமலை முடிக்காணிக்கையும் நெகிழ்பொருளின் ஒழுங்கும்

சென்னையிலிருந்து பம்பாய்க்குச் செல்லும் இருப்புப்பாதையில் அரக்கோணத்தைக் கடந்ததும், தமிழும் தெலுங்கும் ஒரே கடைத்தெருவில் கலந்து ஒலிக்கும் எல்லைப்புறத்தில் அமைந்திருக்கும் திருத்தணி, முருகப்பெருமானின் அறுபடை வீடுகளுள் ஐந்தாவதாகப் போற்றப்படும் தலம். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்து, நெடிய கிளர்ச்சிக்கும் எல்லையை வகுத்த படாஸ்கர் தீர்ப்புக்கும் பின்னர் 1960 ஏப்ரல் முதல் நாளன்று தமிழகத்தோடு இணைந்த ஊர். ஆண்டின் நாட்களைக் குறிப்பனவாகச் சொல்லப்படும் 365 படிகளை ஏறி வருவோருள் பலர், சந்நிதிக்குச் செல்லுமுன் தலைமுடியை இறக்கிக் காணிக்கையாக்கி, மழித்த தலையில் சந்தனம் பூசிக்கொண்டு போகிறார்கள். 2021ஆம் ஆண்டு முதல் அறநிலையத்துறைக் கோயில்களில் இதற்குக் கட்டணமும் இல்லாது போனமையால், விசேஷ நாட்களில் முடி இறக்கும் மண்டபத்தின் தரையில் கணுக்கால் மறையும் அளவுக்கு முடி குவிந்து கிடப்பதைக் காணலாம்.

அம்முடியின் சமயப் பொருளைச் சொல்லவேண்டியவர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். ஏலத்தில் எடுத்துச் சவுரியாகவும் செயற்கைக் கூந்தலாகவும் செய்து கடல் கடந்து அனுப்பும் வியாபாரிகளுக்கு அதன் விலையும் தெரியும். இக்கட்டுரை எடுத்துக்கொள்வது மற்றொரு விசாரணை. கற்கண்டைப்போல் ஸ்படிகமும் அல்லாமல், எண்ணெயைப்போல் திரவமும் அல்லாமல், வளைத்தால் வளைந்து, விட்டால் நிமிர்ந்து, நனைத்தால் தளர்ந்து, உலர்ந்தால் மீண்டும் விறைக்கின்ற இந்தப் பொருளுக்குள் ஒழுங்கு என்று ஒன்று உண்டா, உண்டெனில் அதை உள்ளே அமைத்து வைத்தது எது என்பதே அவ்விசாரணை. பாலிமர் என்றும் பலபடி என்றும் சொல்லப்படும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள், சோப்புக் கரைசல்கள், திரவப் படிகங்கள், உயிரினங்களின் புரதங்கள் ஆகியவற்றையெல்லாம் ஒரே குடும்பமாகக் கருதி நெகிழ்பொருள் என்று பெயரிட்டு ஆராயும் பௌதிகத் துறையின் நடுநாயகமான கேள்வியும் இதுதான். 1991ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு விஞ்ஞானி பியர் கில் தெ ஜென், தம் பரிசுரைக்கே அப்பெயரைத் தலைப்பாக வைத்தார்.

ஒழுங்கு என்றவுடன் நம் மனத்தில் எழுவது ஸ்படிகத்தின் ஒழுங்கு. உப்பில் சோடியமும் குளோரினும் மூன்று திசைகளிலும் மாறிமாறி நின்று, நின்ற இடத்தை விட்டு நகராமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. உருகினால் அவ்வொழுங்கு ஒரே நொடியில் அழிகிறது. ஒழுங்கு என்றால் குளிர்ச்சியும் அசையாமையும், குழப்பம் என்றால் உஷ்ணமும் ஓட்டமும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு எளிதாகப் பிரித்து வைத்திருந்தது. அப்பிரிவினையை முதலில் கலைத்தவர் பிராக் நகரத்துத் தாவரவியலாளர் பிரீட்ரிக் ரைனிட்சர். கொலஸ்டிரால் பென்சோயேட் என்னும் பொருளை அவர் 1888இல் உருக்கிப் பார்த்தபோது, அது 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலான திரவமாகி, 178.5 டிகிரியில் இரண்டாம் முறையாகத் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என்று திகைத்த அவர், ஜெர்மானியப் பௌதிகர் ஆட்டோ லேமனுக்கு எழுத, இடையில் நின்ற அந்தக் கலங்கல் நிலை, திரவத்தைப்போல் ஓடிக்கொண்டே ஸ்படிகத்தைப்போல் திசை ஒழுங்கும் உடையது என்பது தெளிவாயிற்று. (அதே 1888இல்தான், திருத்தணியில் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பிறந்தார். இரண்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆயினும் திருத்தணியைப் பற்றி எழுதுகிறவன் இதைச் சொல்லாமல் தாண்டிச் செல்வது கடினம்.)

திரவப் படிகம் என்று பெயர்பெற்ற அந்நிலையில், மூலக்கூறுகள் தத்தம் இடத்தை விட்டு ஓடித்திரிந்தாலும் அவற்றின் நீண்ட அச்சு மட்டும் ஏறத்தாழ ஒரே திசையை நோக்கியிருக்கிறது. இடத்தில் குழப்பமும் திசையில் ஒழுங்குமாக இரண்டும் ஒரே பொருளில் சேர்ந்து வாழ முடியும் என்பது தெரிந்த பிறகு, எழுந்தே தீரவேண்டிய வினா ஒன்று உண்டு. ஒவ்வொரு மூலக்கூறையும் உஷ்ணம் இடைவிடாமல் தள்ளிக்கொண்டிருக்கையில், இந்தத் திசை ஒழுங்கு எப்படிக் கலையாமல் நிற்கிறது?

மூலக்கூறுகள் ஒன்றையொன்று கவர்ந்து இழுப்பதால் நிற்கிறது என்று சொல்லுவது எளிது. அதில் உண்மையும் உண்டு. ஆனால் முழு உண்மை அதைவிட வியப்பானது. 1936இல் பாடன், பிரீ, பெர்னல், ஃபேன்குகன் என்னும் நால்வர், புகையிலைச் செடியைத் தாக்கும் தேமல் நோய் வைரஸைப் பிரித்தெடுத்து நீரில் கலந்து பார்த்தார்கள். 300 நானோமீட்டர் நீளமும் 18 நானோமீட்டர் பருமனும் உடைய கோல்களான அந்த வைரஸ்கள், கரைசல் நீர்த்திருந்தபோது கண்டபடி சிதறியும், அடர்ந்தபோது தாமாகவே ஒரு திசை நோக்கி அணிவகுத்தும் நின்றன. 1949இல் லார்ஸ் ஆன்சாகர் இதற்குக் காரணம் கண்டார். கோல்களுக்கிடையே கவர்ச்சி என்பதே வேண்டியதில்லை; ஒன்றன் இடத்தில் மற்றொன்று புக முடியாது என்ற ஒரு நியதியும், ஓயாத வெப்ப அசைவும் இருந்தால் போதும் என்பது அவருடைய கணிதத்தின் முடிவு.

ஆடிக் கிருத்திகையன்று மலைப்படியில் காவடிகள் வரும் காட்சியைக் கண்டவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கூட்டம் விலகியிருக்கும்போது காவடி எடுப்போர் தத்தம் போக்கில் சுழன்றாடலாம்; தண்டு எத்திசை நோக்கினாலும் அடுத்தவர்மேல் இடிக்காது. கூட்டம் நெருங்கிய பிறகு தண்டுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தால் ஒருவராலும் ஓரடி எடுத்து வைக்க இயலாது. எல்லாத் தண்டுகளும் ஒரு முகமாகத் திரும்பிவிட்டாலோ, சுழலும் சுதந்திரத்தை ஓரளவு இழந்த ஒவ்வொருவருக்கும் நகரும் சுதந்திரம் அதைவிட அதிகமாகக் கிடைத்துவிடுகிறது. காவடி எடுப்போருக்குக் கண்ணும் கருத்தும் உண்டு, வைரஸுக்கு இல்லை. ஆகையால் உவமை இவ்வளவோடு நிற்கவேண்டும். ஆனால் கணக்கு ஒன்றேதான். ஓர் அமைப்பு எத்தனை விதமாக இருக்க இயலும் என்பதன் அளவான என்ட்ரோபி, அடர்ந்த கோல்களைப் பொறுத்தவரை, அவை அணிவகுத்து நிற்கும்போதே மிகுதியாகிறது. குழப்பத்தின் அளவு என்று பாடநூல்கள் சொல்லிக்கொடுக்கும் அதே என்ட்ரோபி இங்கே ஒழுங்குக்குத் தாயாக நிற்கிறது. இதை உணராதவரை நெகிழ்பொருளைப் பற்றிய எந்த விளக்கமும் பாதி விளக்கம்தான்.

கோல் வடிவ மூலக்கூறுகளே இவ்வாறு அணிவகுக்கும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் சி. வி. இராமனின் சகோதரி மகனான எஸ். சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் ஆகியோருடன் சேர்ந்து, வட்டத்தகடு போன்ற மூலக்கூறுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூண்களாகித் திரவப் படிகமாகும் என்று காட்டி, 1977இல் பிரமாணா என்ற இந்திய ஆராய்ச்சி ஏட்டிலேயே வெளியிட்டார். வெளிநாட்டு ஏடுகளில் அச்சேறினால்தான் கண்டுபிடிப்பு என்று எண்ணுவோர் இதை நினைவிற்கொள்வது நல்லது.

இனி முடிக்கு வருவோம். பருத்தி, பட்டு, ரப்பர் முதலியவை சிறு மூலக்கூறுகளின் மேலோட்டமான கூட்டங்கள் அல்ல, பல்லாயிரம் அணுக்கள் உண்மையான ரசாயனப் பிணைப்பால் கோத்த நெடுஞ்சங்கிலிகள் என்று ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல் சொன்னபோது, அக்காலத்து ரசாயன அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததோ 1953இல். இதற்கிடையே இங்கிலாந்தில் கம்பள நெசவுக்குப் பேர்போன லீட்ஸ் நகரில், வில்லியம் ஆஸ்ட்பரி என்பவர் ஆட்டு ரோமத்தையும் மனித முடியையும் எக்ஸ் கதிரின் பாதையில் வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார். ஒழுங்கே இல்லாத பொருளாயின் படத்தில் மங்கலான வளையம் மட்டுமே விழவேண்டும். முடி அவ்வாறின்றி, நீளவாக்கில் 5.1 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வருவதைக் காட்டும் தெளிவான குறிகளைப் பதித்தது. ஈர முடியை இழுத்துப் பிடித்தால் அக்குறிகள் மறைந்து வேறு குறிகள் தோன்றின. விட்டால் பழையவை திரும்பின. இழுக்காத நிலைக்கு ஆல்பா என்றும், இழுத்த நிலைக்கு பீட்டா என்றும் அவர் பெயரிட்டார். முடிக்குள் ஏதோ ஒன்று மடங்கியோ சுருண்டோ இருந்து நீள்கிறது என்பது உறுதியாயிற்று; அதன் வடிவம் விளங்க மேலும் இருபது ஆண்டுகள் சென்றன.

1951இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய தோழர்களும், புரதச் சங்கிலி ஆல்பா சுருள் என்ற வடிவில் சுருளும் என்று காட்டினார்கள். ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள். ஒரு சுற்றின் உயரம் 5.4 ஆங்ஸ்ட்ராம். எல்லாம் பொருந்தியது, இந்த ஓர் எண்ணைத் தவிர. முடி காட்டுவது 5.1, கணக்கு சொல்வது 5.4. சிறு வித்தியாசம் என்று தள்ளிவிடாமல் அதைப் பற்றிக்கொண்டவர், அப்போது கேம்பிரிட்ஜில் இருந்த, இன்னும் முனைவர் பட்டமும் பெற்றிராத பிரான்ஸிஸ் கிரிக். சுருள்கள் நேராக நிற்கவில்லை. இரண்டிரண்டாக ஒன்றையொன்று பின்னிச் செல்கின்றன. பின்னும்போது ஏறத்தாழ இருபது டிகிரி சாய்வதால், சாய்ந்த 5.4 நேராகப் பார்க்கையில் 5.1 ஆகத் தெரிகிறது என்று 1952இல் அவர் எழுதினார். பாலிங்கும் ஏறத்தாழ இதே முடிவுக்குத் தனியே வந்துகொண்டிருந்தார்.

ஏன் பின்னவேண்டும்? இங்கேதான் நீர் உள்ளே நுழைகிறது. முடியின் புரதமான கெரட்டினின் நடுப்பகுதியில் அமினோ அமிலங்கள் ஏழேழாக ஓர் ஒழுங்கில் திரும்பி வருகின்றன. ஒவ்வோர் ஏழிலும் முதலாவதும் நான்காவதும் எண்ணெயின் இயல்புடையவை, நீரோடு ஒட்டாதவை. சுற்றுக்கு 3.6 என்பதால் ஏழு அமிலங்கள் இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைகின்றன. ஆகவே எண்ணெய்த் தன்மையுள்ள அப்பகுதி சுருளின் மேற்பரப்பில் நேர்கோடாக ஓடாமல், மெல்லத் திரும்பிச் செல்லும் ஒரு பட்டையாக அமைகிறது. அத்தகைய பட்டையை நீருக்குக் காட்டிக்கொண்டு நிற்க நேர்ந்தால், அதைச் சூழும் நீர் மூலக்கூறுகள் தம் இயல்பான ஓட்டத்தை இழந்து கட்டுண்டு நிற்கவேண்டும். இரண்டு சுருள்கள் பட்டையோடு பட்டையைச் சேர்த்து மறைத்துக்கொண்டாலோ நீர் விடுபடுகிறது. நீருக்குக் கிடைத்த விடுதலையே சுருளுக்குக் கிடைத்த பிணைப்பு. ஆன்சாகரின் கோல்களில் கண்ட அதே நியாயம் இங்கும் வேறு உருவில் நிற்பதைக் காணலாம்.

அமிலத் தன்மையுள்ள ஒரு கெரட்டினும் அதற்கு எதிரான மற்றொன்றுமாக இணைந்த இப்பின்னல், ஏறத்தாழ 45 நானோமீட்டர் நீளமுள்ள கோல். இரண்டு பின்னல்கள் தலையும் காலும் மாறி நழுவிப் படிந்து நாற்சங்கிலியாகின்றன. அவை பக்கவாட்டிலும் நீளவாக்கிலும் சேர்ந்து, குறுக்கே வெட்டினால் 32 சங்கிலிகள் தெரியும் நுண்ணிழையாகின்றன. அதன் பருமன் பத்து நானோமீட்டருக்கும் குறைவு. நுண்ணிழைகள் கந்தகம் மிகுந்த வேறொரு புரதத்தில் பதிந்து பேரிழைகளாகி, பேரிழைகள் கதிர்வடிவச் செல்களை நிரப்பி, அச்செல்கள் நீளவாக்கில் அடுக்கி, மேலே ஓடுபோல் செதில்கள் போர்த்தியதே நாம் காணும் ஒரு முடி. ஒவ்வொரு படியிலும் கீழ்ப்படியில் அமைந்த வடிவமே மேற்படியின் வடிவத்தை நிர்ணயிக்கிறது. வரைபடம் வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்க்கும் கைவினைஞன் எவனும் உள்ளே இல்லை.

இவ்வளவு இறுக்கமான கட்டடம் எப்போது, எவ்விடத்தில் எழும்புகிறது என்பதே என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி. தலைத்தோலுக்குள் புதைந்த முடிக்குழியின் அடியில் செல்கள் பெருகி, மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வீதம் மேலே தள்ளப்படுகின்றன. அடியில் இருக்கும்வரை அவற்றின் உட்பொருள் மென்மையானது. கெரட்டின் நுண்ணிழைகள் அதில் தோன்றி, நீண்டு, அடர்ந்து, அடர்ந்தபின் ஒரு முகமாகத் திரும்புகின்றன. ஆட்டு ரோமத்தின் ஒரு பகுதியில் இந்நுண்ணிழைகள் நடுவில் நேராகவும் விளிம்பை நோக்கிச் செல்லச்செல்லச் சாய்ந்தும் சுழன்றிருப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்ட ஆய்வாளர் சிலர், திரவப் படிகங்களில் காணும் முறுக்கே இது என்றும், பேரிழை பிறப்பது அத்தகைய நிலையின் வழியாகவே என்றும் கருதுகின்றனர். இக்கருத்து இன்னும் முழுவதும் நிலைநாட்டப்பட்டதன்று. ஆனால் பொருத்தமான கருத்து. அணிவகுப்பு முடிந்த பிறகே, முடிக்குழியின் மேற்பகுதியில், சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தின் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்துப் பாலமாகி எல்லாவற்றையும் பூட்டிவிடுகின்றன. தோலுக்கு வெளியே வரும்போது செல்கள் இறந்துவிடுகின்றன. அமைப்பு மட்டும் நிற்கிறது. முடி தீயில் பட்டால் எழும் நாற்றம், எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கான அந்தக் கந்தகம்தான்.

வரிசை மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பூட்டு முதலில் விழுந்திருந்தால், கண்டபடி கிடந்த சங்கிலிகள் கண்டபடியே இறுகி, அரக்குக் கட்டி போன்ற ஒன்று கிடைத்திருக்கும். நெகிழ்ந்திருக்கும்போது அமைவது, அமைந்தபின் இறுகுவது என்ற இந்த முறையே நெகிழ்பொருள் ஒழுங்கின் உயிர்நிலை என்பது என் துணிபு.

இவையெல்லாம் நுண்ணோக்கிக்கும் எக்ஸ் கதிருக்கும் மட்டுமே புலப்படும் ரகசியங்கள் என்று வாசகர் எண்ணவேண்டியதில்லை. மண்டபத்தில் நாவிதர் கத்தியை எடுக்குமுன் என்ன செய்கிறார் என்று பாருங்கள். செம்பிலிருந்து நீரை வார்த்து, உள்ளங்கையால் தலை முழுவதும் அழுந்தத் தேய்த்து, முடி நன்றாக ஊறியதென்று விரலுக்குத் தெரிந்த பிறகே மழிக்கத் தொடங்குகிறார். நீர் உள்ளே புகுந்து புரதங்களுக்கிடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்த, முடி மென்மையாகிறது. கந்தகப் பாலங்களை நீர் தொடுவதில்லை, ஆகையால் முடி கரைவதில்லை. நனைந்த முடியின் பருமன் நூற்றுக்கு ஏறத்தாழ பதினைந்து பங்கு கூடுகிறது; நீளமோ இரண்டு பங்குகூடக் கூடுவது அரிது. ஒழுங்கற்ற பொருள் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக அல்லவா ஊதவேண்டும்? நீளவாக்கில் நிற்கும் சுருள்களுக்குள் நீர் புகவில்லை, அவற்றுக்கிடையே உள்ள புரதத்தில் மட்டுமே புகுந்தது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. அந்தச் சிறு நீட்சியையே பயன்படுத்தி, சுவிட்ஸர்லாந்தின் சோசூர் என்பவர் 1783இல் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியைச் செய்தார்; நீண்ட காலம் வானிலை நிலையங்களில் மனித முடியே ஈரமானியாக இருந்து வந்தது.

இன்னொன்று: நீண்ட முடி ஒன்றைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நீளவாக்கில் வைத்து இரு விரல்களையும் முன்னும் பின்னுமாக உரசினால், முடி எப்போதும் வேர்ப்பக்கமாகவே நகர்ந்து செல்லும். செதில்கள் நுனி நோக்கிச் சாய்ந்திருப்பதே காரணம். முடி வியாபாரத்தில், வேரெல்லாம் ஒரு பக்கமாக அமைந்த கட்டுக்கு நல்ல விலையும், தலைகீழாகக் கலந்ததற்குக் குறைந்த விலையும் கிடைப்பது இதனால்தான். கலந்த முடியில் செதிலோடு செதில் எதிர்த்து மாட்டிச் சிக்காகிவிடும்.

தோலுக்கு மேலுள்ள முடியின் கதை லீட்ஸிலும் கேம்பிரிட்ஜிலும் எழுதப்பட்டதென்றால், தோலின் கதை சென்னை கிண்டியில் எழுதப்பட்டது. எர்ணாகுளத்தில் பிறந்து, பெங்களூரில் இராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜ் சென்று திரும்பிய ஜி. என். இராமச்சந்திரன், துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரின் அழைப்பை ஏற்று 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியரானபோது அவருக்கு வயது முப்பது. அவ்வாண்டு சென்னைக்கு வந்திருந்தவர், புகையிலை வைரஸின் அணிவகுப்பைக் கண்ட நால்வருள் ஒருவரான பெர்னல். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றின் புரதமான கொலாஜனின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று அவர் சொல்லிச் சென்றது இராமச்சந்திரனின் மனத்தில் தைத்தது. அருகிலேயே, 1948இல் தொடங்கப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. கங்காரு வாலின் தசைநாண் நல்ல படம் தந்தது. இராமச்சந்திரனும் அவருடைய முதல் மாணவருள் ஒருவரான கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் மூன்று சங்கிலிகளால் ஆனது என்று 1954 ஆகஸ்டில் நேச்சர் ஏட்டில் வெளியிட்டார்கள். மறு ஆண்டு, அம்மூன்றும் நேராக நில்லாமல் ஒன்றையொன்று பின்னிச் செல்கின்றன என்று திருத்தினார்கள். மூன்று சங்கிலிகளும் சந்திக்கும் நடு அச்சில் மிகச் சிறிய அமிலமான கிளைசினுக்கு மட்டுமே இடமுண்டு. கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசினாக இருப்பதன் மர்மம் இதனால் விளங்கியது.

கேம்பிரிட்ஜிலிருந்து ரிச் என்னும் ஆய்வாளரும் முன்சொன்ன கிரிக்கும் உடனே குறை கூறினார்கள். மூவிழை என்பது சரி. ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் மிதமிஞ்சி நெருங்கியிருக்கின்றன. மூன்று அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்பது பொருந்தாது, ஒன்றுதான் இருக்க முடியும் என்றார்கள். 1994இல் கொலாஜனை ஒத்த சிறு புரதமொன்றின் ஸ்படிகத்தை ஆராய்ந்தபோது, மூவிழை உறுதிப்பட்டது. நேரான பிணைப்பு ஒன்று என்பதில் கேம்பிரிட்ஜ் தரப்பே சரியாயிற்று. இதை மறைத்துப் பெருமை பேசுவதில் பயனில்லை. பெருமைக்கு உரியது அக்குறையை இராமச்சந்திரன் எடுத்துக்கொண்ட விதம். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு உண்மையான எல்லை எது என்று அவர் கேட்டார். வெளியான ஸ்படிக அமைப்புகளையெல்லாம் திரட்டி அணுக்களின் இடைவெளிகளைக் கணித்து, புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் திரும்பக்கூடிய இரண்டு கோணங்களையும் எல்லா விதமாகவும் மாற்றி, அணுவோடு அணு மோதாத நிலைகள் எவை என்று இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் வரைந்து பார்த்தார். 1963இல் வெளியான அந்தப் படத்தின் பெரும்பரப்பு வெறுமையாகக் கிடந்தது. அனுமதிக்கப்பட்ட சிறு தீவுகளில் ஒன்றில் ஆல்பா சுருளும், மற்றொன்றில் பீட்டா விரிப்பும் கொலாஜனின் இழையும் வந்து அமர்ந்தன.

ஆன்சாகரின் கோல்களும் இராமச்சந்திரனின் கோணங்களும் ஒரே உண்மையின் இரு முகங்கள் என்று நான் கருதுவது இதனாலேயே. இரண்டிலும் மூலமான நியதி, ஓரணு நிற்கும் இடத்தில் மற்றோரணு நிற்க முடியாது என்ற ஒன்றே. கவர்ச்சி பின்னர் வருகிறது. இடமின்மை முதலில் வருகிறது.

கொலாஜன் மற்றொரு வகையிலும் நம் பொருளுக்குச் சாட்சி சொல்லுகிறது. குளிர்ந்த அமிலக் கரைசலில் தனித்தனியாகக் கரைந்திருக்கும் கொலாஜனை, அமிலத்தன்மை நீக்கி உடலின் வெப்பமான 37 டிகிரிக்குக் கொண்டுவந்தால், அது தானே இழைகளாகச் சேர்ந்து, 67 நானோமீட்டருக்கு ஒரு வரி என்ற ஒழுங்கோடு அணிவகுக்கிறது. உஷ்ணம் ஏறியதால் பிறந்த ஒழுங்கு இது. விடுபட்ட நீரே இதற்கும் விலை கொடுக்கிறது. மேலும் சூடேற்றி 60 டிகிரியைத் தாண்டினால் மூவிழை பிரிந்து, பச்சைத்தோல் சுருங்கி ஜெலட்டினாகத் தொடங்குகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு நம்மவர் தோல் பதனிட்டதும், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் இன்று குரோமியம் கொண்டு பதனிடுவதும், ஏற்கெனவே அமைந்த அவ்வொழுங்குக்கு மேலும் பூட்டுப் போடும் காரியமே. நன்றாகக் குரோமியம் ஏறிய தோல் கொதிநீரிலும் சுருங்காது.

மனிதன் செய்த பாலிமர்களைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. பிரிஸ்டலில் ஆண்ட்ரூ கெல்லர் 1957இல் கண்டபடி, பாலிதீன் சங்கிலிகள் ஏறத்தாழ பத்து நானோமீட்டருக்கு ஒருமுறை தம்மேல் தாமே மடிந்து மெல்லிய தகடுகளாகப் படிகின்றன. ஒரு சங்கிலியே ஒரு தகட்டில் புகுந்து மறு தகட்டில் வெளிப்படுவதும் உண்டு. இடையில் மடியாமல் குழம்பிக் கிடக்கும் பகுதியும் எப்போதும் எஞ்சும். பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரத்து விசைத்தறிகளில் ஓடும் பாலியெஸ்டர் நூல், ஆலையில் உருகி வெளிவந்தபின் பலமடங்கு இழுக்கப்பட்டே வலிமை பெறுகிறது. அங்கே சங்கிலிகளை அணிவகுக்கச் செய்வது இயந்திரத்தின் இழுவிசை. முடிக்குழி அவ்வேலையை உடல் வெப்பத்தில், நீரில், இழுப்பார் யாருமின்றிச் செய்கிறது. நம் ஆலைகள் இன்னும் கற்கவேண்டியது இவ்விடத்தில் நிறைய இருக்கிறது.

புதிதாக நிர்ணயிக்கப்படும் எந்தப் புரத அமைப்பும் இன்று இராமச்சந்திரன் படத்தில் வைத்துச் சரிபார்க்கப்படாமல் ஏற்கப்படுவதில்லை. ஆனால் கிண்டியில் பிறந்த அப்படத்தின் பெயரைக்கூடக் கேளாமல் பள்ளிப்படிப்பை முடித்து வெளியேறும் தமிழ் மாணவர் ஏராளம். ஆகவே திருத்தணி வட்டாரத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சீப்பில் சிக்கிய நீண்ட முடி ஒன்றைச் சோப்பு நீரில் கழுவி எண்ணெய் போக்கி, ஒரு முனையை ஆணியில் கட்டி, மறுமுனையைச் சிறு அச்சில் ஒரு சுற்றுச் சுற்றி எடை தொங்கவிட்டு, அச்சில் ஒரு துடைப்பங்குச்சியை முள்ளாகப் பொருத்துங்கள். இருபது சென்டிமீட்டர் முடி, வறண்ட காற்றுக்கும் ஈரம் நிறைந்த காற்றுக்கும் இடையே சில மில்லிமீட்டர் நீண்டு முள்ளை நகர்த்தும். ஈரத்துணியால் மூடி உச்ச அளவைக் குறித்துக்கொண்டு, சித்திரை முதல் ஐப்பசி வரை மாணவர்களைக் கொண்டே நாள்தோறும் குறிப்பெடுக்கச் செய்யுங்கள். அதன் பிறகு ஆல்பா சுருளைக் கரும்பலகையில் வரையுங்கள்.